வானத்துக் கல்லில் ஒரு கொய்யா விதை

என் புருஷன் ஓல்மன் பஞ்சர் ஒட்டுவது பிழைப்புக்காக. ஊராரைக் கேலி பண்ணுவதுதான் அவர் மனசு வைத்துச் செய்கிற தொழில். ஒரு வருஷம் எங்கள் கொகாலேகாவில் புனிதர் திருவிழா நடந்தபோது, ஒலிபெருக்கியைக் கொஞ்ச நேரம் கடன் வாங்கி, தொலைந்துபோன பல்செட் ஒன்று கிடைத்திருக்கிறது, உரியவர் மேடைக்கு வந்து பெற்றுக்கொள்ளலாம் என்று அறிவித்தார். மூன்று பேர் வந்தார்கள். மூவருமே வாயைக் கையால் பொத்திக்கொண்டு வந்தார்கள். அதில் ஒருத்தர் ஊராட்சித் தலைவர். அதுவரைக்கும் அவருடைய பல் அவருக்கே முளைத்தது என்றுதான் நாங்கள் எல்லாரும் நினைத்திருந்தோம்.

ஓல்மன் கடையை ஒட்டினாற்போல நான் ஒரு சின்னச் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறேன். அன்னாசி ஏற்றிக்கொண்டு போகிற லாரிக்காரர்கள் டயரை அவரிடம் கொடுத்துவிட்டு, என்னிடம் சோறும் கறுப்பு பீன்ஸும் சாப்பிட உட்காருவார்கள். அதனால் அவருடைய குறும்புகள் எல்லாவற்றுக்கும் முதல் சாட்சி நான்தான். ஆனால் இந்தக் கல் விஷயத்தில் மட்டும் என்னிடம்கூட மூச்சு விடவில்லை.

ஓல்மனின் அக்கா சீனியா. அவளைக் கட்டியவர் எர்னான். எங்கள் ஊர் உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் வாத்தியார். நல்ல மனுஷன், குடிக்க மாட்டார், யாரையும் ஒரு வார்த்தை தப்பாகப் பேச மாட்டார். சிரிக்கவும் மாட்டார். யாராவது குதிரை பேசியதாக ஒரு வேடிக்கைக் கதை சொன்னால் கடைசிவரை கவனமாகக் கேட்டுவிட்டு, அந்தக் குதிரை எந்த மொழியில் பேசியது என்று கேட்பார். சொன்னவன் அதோடு எழுந்து போய்விடுவான்.

அவருக்கு ஒரே ஒரு பைத்தியம் உண்டு. உயிர் என்பது பூமியில் தோன்றியதே இல்லை என்பார். பூமி இன்னும் கொதித்துக்கொண்டிருந்தபோதே செவ்வாய் ஆறிவிட்டதாம். அங்கே தண்ணீர் ஓடியதாம். முதல் உயிர் அங்கேதான் முளைத்ததாம். பிறகு மலை அளவு ஒரு விண்கல் போய் அதன்மேல் மோத, தெறித்த கற்களில் ஒட்டிக்கொண்டு அந்தக் கண்ணுக்குத் தெரியாத ஜீவன்கள் இங்கே வந்து இறங்கினவாம். இதைக் கல்யாண வீட்டில் சொல்வார், ஞானஸ்நானத்தில் சொல்வார். வயிறு உப்பிக் கிடந்த பசுவுக்கு மருந்து கேட்டு வந்தவனிடம், அந்தப் பசுவின் மூதாதை எங்கிருந்து வந்தது என்று முதலில் விளக்கிவிட்டுத்தான் மருந்தின் பெயரைச் சொன்னார். நிகராகுவாவிலிருந்து அன்னாசி அறுக்க வந்தவர்களை யாராவது வெளியூர்க்காரன் என்று ஏசினால் மட்டும் அந்தப் பேச்சு உதவியது. எர்னான் குறுக்கே வந்து, நீங்களும் வெளியூர்தான், அவங்களாவது பஸ்ஸில் வந்தாங்க என்பார். வேடிக்கையாக இல்லை, திருத்தம் சொல்வதுபோல.

அப்படிப்பட்ட ஊரில் போய் வானம் கல்லைப் போட்டது.

ஏப்ரல் மாதம், மழை இன்னும் தொடங்கவில்லை. சாயங்கால வெளிச்சம் போகப்போகிற நேரம். ஆரஞ்சு நிறத்தில் ஒரு தீப்பந்து எரிமலைப் பக்கமிருந்து எங்கள் தலைக்கு மேலே போனது. பின்னாலேயே இடி மாதிரி ஒரு சத்தம். அப்புறம் ஓல்மன் கடைத் தகரக் கூரையில் டமார் என்று ஒன்று விழுந்தது. ஓடிப் போய்ப் பார்த்தால் கூரையில் ஓட்டை, கீழே பழைய டயர் அடுக்குக்குள் தேங்காய் அளவு ஒரு கறுப்புக் கல், அதைச் சுற்றி உடைந்த துண்டுகள். கல் என்று சொன்னாலும் காய்ந்த சேற்றுக் கட்டி மாதிரிதான் இருந்தது. வேகவைத்து மறந்துபோன முட்டைக்கோஸ் நாற்றம் அடித்தது.

அடுத்த வாரமே அந்தக் கல்லை விலைக்கு வாங்க வெளிநாட்டுக்காரர்கள் வந்து குவிந்துவிட்டார்கள். துண்டு தேடி ஊரில் ஆளாளுக்குக் கூரை ஏறினார்கள். ஓல்மன் பெரிய கல்லை விற்று புதுக் காற்று மெஷின் வாங்கினார். பாவம் எர்னானுக்குத்தான் ஒன்றும் கிடைக்கவில்லை. பள்ளிக்கூடம் விட்டதும் அன்னாசித் தோட்டத்துக்குள் இறங்கித் தேடுவார். முழங்காலுக்குக் கீழே முழுக்க முள் கீறல். அவர் பத்திரமாகப் பொறுக்கிக்கொண்டு வந்ததெல்லாம் காய்ந்த சாணி. வாழ்நாள் முழுக்க வானத்திலிருந்து கல் வரும் வரும் என்று சொன்ன மனுஷனுக்கு ஒரு துண்டுகூட வாய்க்கவில்லை, வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தவன் வீட்டுக் கூரையிலெல்லாம் விழுந்திருக்கிறது. மச்சானிடம் வாய்விட்டுக் கேட்க அவருக்குக் கௌரவம் இடம் கொடுக்கவில்லை.

எங்களிடம் எலுமிச்சம்பழ அளவில் ஒரு துண்டு மிச்சம் இருந்தது. அதை அவருக்குக் கொடுங்கள் என்று நான் சொன்னேன். கொடுக்கத்தான் போகிறேன், பிறந்தநாள் வரட்டும் என்றார் ஓல்மன். அவர் அவ்வளவு சுலபமாகச் சம்மதித்தபோதே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். ஒருநாள் மத்தியானம் டயர்களுக்குப் பின்னால் உட்கார்ந்து, நாக்கை வெளியே துருத்திக்கொண்டு, சின்ன டிரில்லால் எதையோ குடைந்துகொண்டிருந்தார். வேலை பார்க்கிறார் என்று நினைத்து ஒரு கிளாஸ் வெல்லத் தண்ணீர் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தேன்.

அவர் என்ன செய்தார் என்பதைப் பிற்பாடு அவரே சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். கல்லை ஓரமாகக் குடைந்து, உள்ளே ஒரு கொய்யா விதையை வைத்திருக்கிறார். குடைந்த தூளையே பஞ்சர் சொல்யூஷனில் குழைத்து ஓட்டையை அடைத்திருக்கிறார். மேலே விளக்குக் கரியைத் தடவி, துணியால் மெருகேற்றியிருக்கிறார். அத்தனை சுத்தமாக அவர் ஒரு டயரைக்கூட ஒட்டியது கிடையாது.

அவர் போட்ட கணக்கு இதுதான். எர்னான் அன்றைக்கு ராத்திரியே கல்லை உடைப்பார். விதையைப் பார்த்ததும், வேறு கிரகத்தில் உயிர் இருக்கிறது, அதுவும் மரமாகவே இருக்கிறது என்று கத்திக்கொண்டு கோயில் முன்னால் ஓடி வருவார். அங்கே பெஞ்சில் ஓல்மன் கொய்யாப்பழம் தின்றுகொண்டு உட்கார்ந்திருப்பார்.

பிறந்தநாளுக்கு எல்லாரும் சீனியா வீட்டில் கோழிச்சோறு சாப்பிட்டோம். ஓல்மன் காகிதத்தில் சுற்றிய கல்லை நீட்டினார். எர்னான் பிரித்தார். இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டார். "மச்சான், இதை எனக்கா" என்றார். கண் கலங்கிவிட்டது. அவர் அழுவதைப் பார்த்து சீனியா அழுதாள், அவளைப் பார்த்து நானும் மூக்கைத் துடைத்துக்கொண்டேன். ஓல்மன் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பெருந்தன்மையான மனுஷனைக் கட்டியிருக்கிறோம் என்று எனக்கு அன்றைக்கு ஒரே பெருமை.

மறுநாள் ஓல்மன் ஒரு கூடை கொய்யாப்பழத்தோடு கோயில் முன்னால் போய் உட்கார்ந்தார். எர்னான் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. பழம் கடையில் கிடந்து அழுகி ஈ மொய்த்தது. என்ன ஆயிற்று என்று அக்கா வீட்டுக்குப் போய்ப் பார்த்தால், கல் கூடத்தில் தேவமாதா படத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. கண்ணாடிப் பெட்டி செய்து, அடியில் வெள்ளைத் துணி விரித்து, திருகாணி போட்டுச் சுவரோடு முடுக்கியிருக்கிறார். ஒரு சின்ன விளக்கு வேறு.

உடைத்துப் பார்க்கவில்லையா என்று ஓல்மன் சாதாரணமாகக் கேட்பதுபோலக் கேட்டிருக்கிறார்.

"உடைச்சா அது வெறும் கல்லு மச்சான்" என்றாராம் எர்னான். "உடைக்காதவரைக்கும் உள்ள என்ன வேணா இருக்கலாம்."

அன்றைக்குப் பிடித்தது என் புருஷனுக்குச் சனி. ஒருத்தன் ஒரு வேடிக்கையைச் செய்துவிட்டு, அதைத் தன்னைத் தவிர யாரும் அறியாமல் நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டு வருஷக்கணக்கில் நடமாடுவது என்றால் சும்மாவா? ஏப்பம் வெளியே வராமல் தொண்டையில் நின்ற மாதிரி இருந்திருக்கும். எங்கேயோ ஒருத்தன் தன் கல்லை உடைத்தானாம், உள்ளே நீலக்கல் மின்னியதாம் என்று கதை கட்டிக்கொண்டு போய்ச் சொன்னார். அவனுக்கு நீலக்கல் போதும் போலிருக்கு என்று எர்னான் முடித்துவிட்டார். இன்னொரு தடவை, கல்லில் பூச்சி அரிக்கும், வெட்டிப் பார்ப்பது நல்லது என்றார். எர்னான் அந்தப் பூச்சியைப் பற்றியே ஒரு மணி நேரம் பேசினார்.

ஒருநாள் நிலம் ஆடியது. எங்கள் பக்கம் அடிக்கடி ஆடும், இது கொஞ்சம் பலமான ஆட்டம். ஊரே வீட்டைவிட்டு வெளியே ஓடியது. ஓல்மன் மட்டும் அக்கா வீட்டுக்குள்ளே ஓடினார். தம்பி தன்னைக் காப்பாற்றத்தான் உயிரைப் பணயம் வைத்து ஓடி வருகிறான் என்று சீனியா அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். அவர் அவள் தோளுக்கு மேலே எட்டிக் கூடத்தைப் பார்த்தார். தேவமாதா படம் கீழே விழுந்து கண்ணாடி உடைந்திருந்தது. கல் அசையவே இல்லை.

மூன்று வருஷம் ஓடியது. பள்ளிக்கூடப் பிள்ளைகளை எர்னான் வகுப்பு வகுப்பாக அழைத்துக்கொண்டு வந்து கல்லைக் காட்டுவார். ஓல்மனும் மெல்ல மெல்ல அதை மறந்துவிட்டார், இல்லை மறந்தமாதிரி இருந்தார்.

அப்புறம்தான் ஒரு நாள் எர்னான் என் கடைக்கு வந்து, உட்காராமலேயே விஷயத்தைச் சொன்னார். தலைநகர் சான் ஹொசேயில் பல்கலைக்கழகத்தில் டாக்டர் இலேயானா என்று ஒரு ஆராய்ச்சியாளர் இருக்கிறாராம். இந்த வகைக் கற்களில் உயிருக்கு மூலமான சமாச்சாரம் இருக்கிறதா என்று தேடுகிறவராம். எர்னான் எழுதிப் போட்டிருக்கிறார், வருகிறேன் என்று பதில் வந்திருக்கிறது. கல்லை உடைக்க எர்னான் சம்மதித்துவிட்டார். ஒரே ஒரு நிபந்தனை: ஊர்ச் சமூகக்கூடத்தில், எல்லார் முன்னிலையிலும் உடைக்க வேண்டும். வட்டாரத் தொலைக்காட்சிக்கும் சொல்லியாகிவிட்டது.

"மூணு வருஷம் ஆசைப்பட்டீங்களே மச்சான், நீங்கதான் முன் வரிசை" என்று, பக்கத்தில் நின்ற ஓல்மனின் தோளைத் தட்டிவிட்டுப் போனார் எர்னான்.

நான் திரும்பிப் பார்த்தேன். என் புருஷன் முகத்தில் ரத்தமே இல்லை. பீன்ஸ் உரித்துக்கொண்டிருந்த என் எதிரே உட்கார்ந்து, அவரும் இரண்டு காயை எடுத்து உரித்தார். வீட்டில் அவர் பீன்ஸ் தொட்டதே கிடையாது. அப்புறம் எல்லாவற்றையும் சொன்னார். கொய்யா விதை என்று கேட்டதும் எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்து முடித்ததும்தான் விஷயம் உறைத்தது. கோயில் பெஞ்சில் நாலு பேர் சிரிப்பது வேறு. டிவிக்காரன், பல்கலைக்கழகம், எர்னானிடம் படிக்கிற பிள்ளைகள், இத்தனை பேர் முன்னால் அந்த மனுஷன் கூனிக்குறுகி நிற்பது வேறு. அதை ஓல்மனும் உணர்ந்திருந்தார். வேறு நல்ல கல்லை மாற்றி வைத்துவிடுகிறேன் என்றார்.

பக்கத்து ஊர்க்காரன் ஒருத்தனிடம் கெஞ்சி, அதே அளவில் ஒரு கல்லை வாங்கிக்கொண்டு வந்தார். ஞாயிற்றுக்கிழமை பூசை நேரம் பார்த்து அக்கா வீட்டுப் பின்கதவு வழியாக நுழைந்திருக்கிறார். திருகாணி மூன்றைக் கழற்றியாகிவிட்டது. நாலாவதைக் கழற்றும்போது குளியலறைக் கதவு திறந்தது. சீனியா அன்றைக்குப் பூசைக்குப் போகாமல் தலைக்குச் சாயம் போட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். தலையில் பிளாஸ்டிக் பை, கழுத்தில் கறுப்பு வழிகிறது.

"டேய், என் வீட்டுலயே திருடறியா?"

"திருட வரலக்கா. திருப்பி வைக்க வந்தேன்."

"எதை?"

அவருக்குச் சொல்வதைத் தவிர வழி இல்லை. சாயம் காய்ந்து காதெல்லாம் கறுப்பாகிறவரைக்கும் சீனியா நின்றபடியே கேட்டாள். சிரிக்கவில்லை. தம்பி வைத்த கல்லையும், தம்பி கொண்டுவந்த கல்லையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"மூணு வருஷமா தினம் இதைத் தொடைக்கிறேன்டா நான். தேவமாதாவைக்கூட வாரத்துக்கு ஒரு தடவைதான் தொடைப்பேன்" என்றாள். "அவருக்குத் தெரியாம மாத்தினா, அதுவும் இன்னொரு பொய்யாத்தான் போய் முடியும். போ. உன் வாயால நீயே அவர்கிட்ட சொல்லு."

திங்கட்கிழமை பள்ளிக்கூடம் விட்டபிறகு நானும் ஓல்மனும் ஆய்வுக்கூடத்துக்குப் போனோம். தனியாகப் போகப் பயந்து என்னையும் இழுத்துக்கொண்டு போனார். எர்னான் கரும்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"வாத்தியாரே, அந்தக் கல்லுக்குள்ள நான் ஒரு விதை வச்சிருக்கேன்" என்றார் ஓல்மன்.

"என்ன விதை?"

"கொய்யா விதை."

"எதுக்கு?"

"சும்மா, ஒரு வேடிக்கைக்கு."

"யாருக்கு வேடிக்கை?"

என் புருஷன் நகத்தில் ஒட்டியிருந்த சொல்யூஷனைச் சுரண்டினார். எர்னான் துடைப்பானைக் கீழே வைத்துவிட்டு, பிள்ளைகளுக்குக் கணக்குப் போட்டுக் காட்டுவதுபோல நிதானமாகச் சொன்னார்.

"மச்சான், நீங்க எந்த வேடிக்கையையாவது நடக்கறதுக்கு முன்னாடி சொல்லியிருக்கீங்களா? கிடையாது. அப்போ நீங்க இப்போ சொல்றதுதான் வேடிக்கை. நான் பயந்துபோய் டாக்டரை வரவேண்டாம்னு சொல்லணும். உள்ள ஒண்ணுமே இல்லேன்னு அப்புறம் தெரியணும். ஊர் சிரிக்கணும். அதானே?"

நான் குறுக்கே புகுந்து, சத்தியமாக உண்மைதான் என்றேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"உங்களையும் சேத்துக்கிட்டாரா யோர்லேனி. நீங்க இந்த மாதிரி ஆள் இல்லையே."

வீட்டில் சீனியாவும் அவரிடம் சொல்லிப் பார்த்தாள். தம்பி பக்கம் பேசுகிறாள் என்று எர்னான் அவளோடும் இரண்டு நாள் பேசவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக என் புருஷன் உண்மை பேசினார், அதை நம்ப வேண்டிய மனுஷன் நம்பவில்லை.

சனிக்கிழமை காலையிலேயே சமூகக்கூடம் நிறைந்துவிட்டது. இலேயானா சேறு படிந்த பூட்ஸோடு தானே ஜீப்பை ஓட்டிக்கொண்டு வந்தார். டாக்டர் என்று கேள்விப்பட்டு முட்டிவலியைக் காட்ட வந்தவர்களிடம், நான் கல்லுக்கு மட்டும்தான் டாக்டர் என்று சிரித்துச் சமாளித்தார். ஓல்மன் ஜீப் கதவருகிலேயே அவரை மடக்கி எல்லாவற்றையும் ஒப்புவித்தார். அவருக்குத்தான் நம்புவதில் சிரமம் ஏற்படவில்லை. இதற்கு முன் ஒருத்தர் அடுப்புக்கரிக்கு வார்னிஷ் அடித்து விண்கல் என்று அனுப்பியிருந்தாராம். உள்ளே போய்க் கல்லை லென்ஸில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு எர்னானைத் தனியாகக் கூப்பிட்டு, இதைச் சுத்தமான அறையில் வைத்து உடைப்பதுதான் முறை, நான் எடுத்துக்கொண்டு போகிறேனே என்று பக்குவமாகச் சொல்லிப் பார்த்தார்.

எர்னான் மறுத்துத் தலையை ஆட்டினார். "என் மச்சான் உங்ககிட்டயும் பேசிட்டார்னு நெனைக்கிறேன். இது இந்த ஊர்ல விழுந்த கல்லு டாக்டர். இந்த ஊர் கண் முன்னாடியே ஒடைங்க."

பள்ளிக்கூடப் புரொஜெக்டரைக் கொண்டுவந்து, கேமராவோடு இணைத்து, மேசையில் நடப்பது சுவரில் பெரிதாகத் தெரியும்படி எர்னானே ஏற்பாடு செய்திருந்தார். கல் சுவர் அகலத்துக்குத் தெரிந்தது. இலேயானா உறை மாட்டிய கையால் அதைச் சின்ன இடுக்கியில் பொருத்தி, மெல்லத் திருகினார். கல் ரொட்டிபோலப் பிளந்தது, சரியாக ஒட்டுப்போட்ட இடத்தில்.

சுவரில் பூசணிக்காய் அளவுக்கு ஒரு கொய்யா விதை தெரிந்தது. இரண்டு பாதிக்கும் நடுவில் சொல்யூஷன் மூக்குச்சளி மாதிரி நூல் நூலாக இழுத்துக்கொண்டு நின்றது.

கசாப்புக் கடைக்காரர் மனைவி தனக்குத்தானே சொல்வதுபோல "கொய்யா" என்றாள். ஓல்மன் முன் வரிசையில் எழுந்து நின்றார். நான்தான் வைத்தேன், இதில் வாத்தியாருக்குச் சம்பந்தமில்லை, சிரிப்பதென்றால் என்னைப் பார்த்துச் சிரியுங்கள் என்றார். யாரும் சிரிக்கவில்லை. பிள்ளைகள் எல்லாம் எர்னானையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சீனியா என் கையை நெரித்துக்கொண்டிருந்தாள், எலும்பு வலித்தது.

எர்னான் மேசையருகே போனார். லென்ஸை வாங்கிப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். குனிந்து மோந்தார். காது இரண்டும் சிவந்திருந்தன. பிறகு நிமிர்ந்து, வகுப்பில் விடை சொல்கிற அதே குரலில் கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார்:

"பஞ்சர் சொல்யூஷன்தான். அப்போ உயிர் மட்டும் இல்ல, பஞ்சர் கடையும் அங்கேர்ந்துதான் வந்திருக்கு. ஒட்டு இங்க மாதிரியே அங்கயும் நிக்கல."

கூடம் இடிந்து விழுந்த மாதிரி ஒரு சிரிப்பு. லாரிக்காரர்கள் பெஞ்சை அடித்து அடித்துச் சிரித்தார்கள். ஊராட்சித் தலைவர் பல்லைக் கையால் பிடித்துக்கொண்டு சிரித்தார். இலேயானாவுக்குக் கண்ணில் தண்ணீர். டிவிக்காரனின் கேமரா குலுங்கியது பிற்பாடு ஒளிபரப்பிலேயே தெரிந்தது. ஓல்மன் நின்ற இடத்திலேயே நின்றார். ஊரைச் சிரிக்கவைத்தே வாழ்ந்தவருக்கு இப்படி ஒரு சிரிப்பு ஒருநாளும் கிடைத்ததில்லை. அது அவரைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு, அவர் சம்பாதித்தது இல்லை.

எர்னான் அதை வேடிக்கையாகச் சொன்னாரா, இல்லை நிஜமாகவே ஆராய்ந்து சொன்னாரா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. வீட்டுக்குப் போனதும் கட்டிலில் உட்கார்ந்து, எல்லாரும் எதற்குச் சிரித்தார்கள் என்று சீனியாவிடம் கேட்டாராம். அவள் விளக்கியிருக்கிறாள். அப்படியா என்று கொஞ்ச நேரம் யோசித்தாராம்.

கூட்டம் கலைந்தபிறகு ஓல்மன் இலேயானாவின் பெட்டியை ஜீப்புக்குத் தூக்கிக்கொண்டு போனார். பிராயச்சித்தம் மாதிரி. நாமெல்லாம் நிஜமாகவே அங்கேயிருந்து வந்தவர்கள்தானா என்று கேட்டார். அவர் வேடிக்கை கலக்காமல் ஒரு கேள்வி கேட்டு நான் அதற்குமுன் கேட்டதில்லை.

"தெரியாது" என்றார் இலேயானா. "தெரிஞ்சிருந்தா சனிக்கிழமை நான் வீட்ல படுத்திருப்பேன்."

சொல்யூஷன் படாத ஓரத்திலிருந்து நகக்கண் அளவு கல்லைச் சுரண்டி எடுத்துக்கொண்டு போனார். ஓல்மன் பக்கத்து ஊரிலிருந்து வாங்கிய கல்லையும் சீனியா இலேயானாவிடமே கொடுத்தனுப்பினாள். சில மாதம் கழித்து எர்னானுக்குத் தொலைபேசி வந்தது. இரண்டு கல்லிலுமே, உயிருள்ள உடம்பு எதனால் கட்டப்படுகிறதோ அந்தப் பொருள்கள் சில இருக்கின்றனவாம். உயிர் இல்லை. செங்கல் கிடைத்திருக்கிறது, வீடு கிடைக்கவில்லை என்று இலேயானா சொன்னதில் எர்னான் ஒரு வாரம் தரையில் கால் பாவாமல் நடந்தார். ஊரில் பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னார். எல்லாரும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, அது இருக்கட்டும், அந்தப் பஞ்சர் கடை விஷயத்தைச் சொல்லுங்க என்றார்கள்.

அவரும் சொன்னார். கூடத்தில் அன்றைக்கு நடந்தது மறுபடி நடக்குமா என்று சோதிக்கிற மாதிரி, முதல் தடவை என் கடையில் லாரிக்காரர்களிடம் சொல்லிவிட்டு ஒவ்வொரு முகமாகக் கவனித்தார். சிரித்தார்கள். மறுநாள் காலையில் சொன்னார், அப்போதும் சிரித்தார்கள். மழைநாளில், வெறும் வயிற்றில், பாதிரியார் எதிரில் என்று மாற்றி மாற்றிச் சொல்லிப் பார்த்தார். ஒருத்தர் செத்த வீட்டில் சொன்னபோதுகூட விதவை முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினாள். எர்னானுக்கு ருசி கண்டுவிட்டது. வழியில் நின்று போகிற புது லாரிக்காரன் யாராக இருந்தாலும் அவனைத் தேடி வருகிறார். ஓல்மனின் பல்செட் கதையை இப்போது யாரும் கேட்பதில்லை.

சீனியா தம்பியை மன்னித்துவிட்டாள், ஒரு தண்டனையோடு. எர்னான் அந்த வேடிக்கையைச் சொல்லும்போதெல்லாம் தம்பி பக்கத்தில் இருந்தால், முதல் சிரிப்பு தம்பியுடையதாக இருக்க வேண்டும், பல் தெரிய வேண்டும், உதட்டோடு சிரிப்பது கணக்கில் வராது. மீறினால் கிறிஸ்துமஸுக்கு அவள் கையால் வாழையிலையில் அவிக்கிற சோளமாவுத் தமால் கிடையாது. நேற்றுகூட எர்னான் வந்தார். ஓல்மன் ஒரு லாரிச் சக்கரத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார், வேர்வை சொட்டுகிறது, சொல்யூஷன் டப்பா திறந்து கிடக்கிறது. எர்னான் லாரிக்காரனிடம் ஆரம்பித்தார். "இவர் ஒட்டுறாரே, இந்தத் தொழில் மொதல்ல எங்க தோணிச்சுன்னு தெரியுமா?" நான் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். என் புருஷன் சக்கரத்தை விட்டு நிமிர்ந்து, வாயைத் துடைத்துக்கொண்டு, தயாரானார்.